எல்லைப் பள்ளம்

குன்றின் அடியில் ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஒரு மடம். மடம் என்றால் ஓர் ஓட்டு வீடு, ஒரு வேப்பமரம், மதகுச் சாவி. மதகைத் திறப்பதும் மூடுவதும் அந்த மடத்தில் இருப்பவரின் பொறுப்பு. அது பழைய ஏற்பாடு.

அப்போது மடத்தில் இருந்த குருவுக்கு நாற்பது வயது ஆகவில்லை. அவருடைய ஒரே சீடர் செங்கோடனுக்கு அறுபத்திரண்டு. குரு சீடரைப் 'பெரியவரே' என்று அழைப்பார். சீடர் குருவைச் 'சாமி' என்பார். அவர்கள் இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை. ஊருக்குத்தான் இருந்தது.

செங்கோடனுக்குக் குன்றின் சரிவில் காடு இருந்தது. மழையை நம்பி விதைக்கும் நிலத்தை அந்தப் பக்கத்தில் காடு என்றுதான் சொல்வார்கள். அதை உழுவதற்கு ஓர் ஆளை வைத்துவிட்டு, ஆறு ஆண்டுகளுக்கு முன் மடத்துக்கு வந்துவிட்டார்.

மடத்தில் அவருக்கு ஒரே வேலை. ஒவ்வொரு மழைக்கும் மதகு வாயில் மண் வந்து படியும். அதை வெட்டி, கூடையில் சுமந்து, கரைக்கு அந்தப் பக்கம் கொட்ட வேண்டும். கொட்டிய மண் ஒரு சிறு குன்றாக வளர்ந்திருந்தது. மதகு வாயில் மண்ணும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

மதகுக்குத் தண்ணீர் இறங்க மேலும் கீழுமாக இரண்டு கண்கள். அந்த ஆண்டு ஆடி மழையிலேயே கீழ்க்கண் மூடிவிட்டது. ஐப்பசி மழையில் மேல்கண்ணும் மூடினால், ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் கீழே எழுபது ஏக்கர் நெல்லுக்கு ஒரு சொட்டு இறங்காது.

ஒரு நாள் செங்கோடன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சாமி, என் மனசு தெளியவே மாட்டேங்குது. என்ன பண்ணோணும்?"

குரு உள்ளே போய், ஊறுகாய் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்துவந்தார். காலையில் பெய்த மழை வாய்க்காலில் செக்கச்செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது. ஜாடியை அதில் முக்கி எடுத்து, வேப்பமரத்தடியில் வைத்தார்.

செங்கோடன் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் நீர் தெளிந்தது.

"புரிஞ்சுதுங்க சாமி. அசைக்காம விட்டாத் தானாத் தெளியும்."

"இதை யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றதுதானுங்க."

"ஏரியும் அசையாமல்தான் கிடக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் பிறகு தெளிகிறது. அடியில் என்ன இருக்கிறது?"

"மண்ணு."

"எவ்வளவு?"

செங்கோடன் மதகைப் பார்த்தார்.

"கண்ணு மூடற அளவுக்கு."

குரு ஜாடியின் அடியில் விரல்களை வைத்து அளந்தார். இரண்டு விரல் மண்.

"இது எங்கிருந்து வந்தது?"

"மேலேயிருந்துங்க."

"மேலே எங்கே?"

"மேலேதானுங்க. மழை பேஞ்சா மண்ணு வரும். எந்த ஊர்லதான் வராம இருக்குது?"

"அடுத்த மழையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு நீர் சேரும் இடத்தில் இரண்டையும் அள்ளிப் பாருங்கள். எது அதிகக் கலங்கலோ, அதன் பின்னால் போங்கள்."

அடுத்த மழை ஆவணியில் வந்தது. செங்கோடன் சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே ஏறினார். பனைமரத்தடியில் இரண்டு நீர் சேர்ந்தது. பாறைப் பக்கமிருந்து வந்தது உள்ளங்கையில் ரேகை தெரியும்படி இருந்தது. மற்றது குழம்பாக இருந்தது. குழம்பின் பின்னால் போனார். களத்துமேட்டுக்கு அருகே மறுபடியும் இரண்டு. மறுபடியும் அள்ளிப் பார்த்தார். அதற்கு மேல் அள்ளிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. அந்த வழி அவருக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது குரு மதகடியில் நின்றிருந்தார்.

"பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"யாருடைய காடு?"

"ஒரு பக்கம் எங்கக்கா பாவாயி காடு."

"மறு பக்கம்?"

செங்கோடன் கொங்காடையை உதறினார். இன்னொரு முறையும் உதறினார்.

"என்னுதுங்க."

"நடுவில்?"

"பள்ளம்."

"வெட்டியது யார்?"

"மழைங்க."

"மழை மட்டுமா?"

"முதல்ல நான் வெட்டினேன். அப்புறம் மழை வெட்டுச்சு."

நடந்தது இதுதான். அப்பா காலமான பிறகு அந்தச் சரிவு அக்காவுக்கும் தம்பிக்குமாகப் பிரிந்தது. மேலே கல், நடுவில் சரளை, அடியில் நல்ல மண். குறுக்கே பிரித்தால் ஒருவருக்குக் கல்லும் மற்றவருக்கு மண்ணும் போகும். அதனால் மேலிருந்து கீழே நெட்டுக்குப் பிரித்தார்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. நடுவில் ஒரு வரப்பு போட்டார்கள். ஒவ்வோர் உழவுக்கும் வரப்பு ஒரு விரல் நகர்ந்தது. பாவாயி நகர்த்தினார் என்றார் செங்கோடன். செங்கோடன் நகர்த்தினார் என்றார் பாவாயி. வரப்பு நகர்ந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஒரு சித்திரையில் செங்கோடன் வரப்பை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் உச்சியிலிருந்து அடி வரை முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுத்தார். வரப்பை நகர்த்தலாம், பள்ளத்தை நகர்த்த முடியாது என்பது அவர் கணக்கு. அன்றோடு அக்காவும் தம்பியும் பேசுவதை நிறுத்தினார்கள். அது ஆகிப் பத்து ஆண்டுகள். இப்போது அந்தப் பள்ளத்துக்குள் ஓர் ஆள் நின்றால் வெளியே தலை தெரியாது.

"அடைச்சுடறேன் சாமி" என்றார் செங்கோடன். "ஐப்பசிக்குள்ள அடைச்சுடறேன்."

"சரி" என்றார் குரு.

செங்கோடன் பள்ளத்தின் அடிவாரத்தில், அது மிக அகலமாக இருந்த இடத்தில், கல் அடுக்கி மார்பளவு சுவர் எழுப்பினார். நல்ல உறுதியான சுவர். ஒரே ஒரு சாயங்கால மழை. மறுநாள் அந்தக் கற்களில் சில ஏரி வாய்க்காலில் கிடந்தன.

"எங்கே கட்டினீர்கள்?"

"அடியிலீங்க. அங்கதான் பள்ளம் பெருசு."

"தண்ணீர்?"

"அதுவும் அங்கதான் பெருசு."

"அது சிறியதாக இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியுமா?"

செங்கோடன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இந்த முறை உச்சியில் தொடங்கினார். அங்கே பள்ளம் ஒரு தாவலில் தாண்டும் அகலம்தான். சுவர்களை முழங்கால் உயரத்துக்கு மேல் போகவிடவில்லை. தண்ணீர் நடுவிலேயே வழியட்டும் என்று நடுப்பகுதியைத் தாழ்வாக வைத்தார். விழும் தண்ணீர் அடியைத் தோண்டாமல் இருக்கக் கீழே பலகைக்கல் பரப்பினார். கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி, கீழ்ச்சுவரின் தலையும் மேல்சுவரின் அடியும் ஒரே மட்டமாக இருக்கும்படி ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்தார். அப்படி ஐந்து சுவர்கள் எழுந்தன.

குரு பார்க்க வந்தார். ஒரு சுவரின் ஓரத்தில் உட்கார்ந்து, கல்லைத் தடவிக்கொண்டே போனார். செங்கோடன் பக்கத்துக் கரையில் சுவர் ஒரு முழம் உள்ளே புதைந்திருந்தது. எதிர்ப்பக்கம் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இங்கே ஏன் புதைக்கவில்லை?"

"அது அக்கா கரைங்க. கடப்பாரை வெச்சா எல்லை தாண்டிட்டான்னு ஊரைக் கூட்டிருவா. அதான் ஒட்டி நிறுத்திட்டேன். ஒரு கல்லுகூட அந்தப் பக்கம் போகலீங்க."

"தண்ணீரிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா?"

குரு வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துச் செங்கோடன் சிரித்தார்.

புரட்டாசியில் ஒரு மழை. தண்ணீர் சுவரில் வந்து மோதியது. புதைந்த பக்கத்தைத் தட்டிப் பார்த்தது. ஒட்டி நின்ற பக்கத்தில் வழி கிடைத்தது. பாவாயியின் கரை ஒரு வண்டி அகலத்துக்குக் கடலைச் செடியோடு சரிந்து போனது.

மறுநாள் காலையில் பாவாயி மடத்து வாசலில் நின்றார். செங்கோடனைவிட நான்கு வயது மூத்தவர். கையில் வேரோடு ஒரு கடலைச் செடி.

"ஏந்தம்பி, நீதான் அந்தக் குருவா?"

"ஆமாம் அம்மா."

"மீசைகூட நரைக்கல. நீ இவனுக்குப் புத்தி சொல்றியாக்கும். நான் அறுவது வருசமாச் சொல்லிப் பார்த்துட்டேன். உள்ள எறங்கலை."

செங்கோடன் தலையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார்.

"உட்காருங்கள் அம்மா."

"உட்கார வரலை. இவன் சாமியாராப் போயிட்டான்னாங்க. சரி, விட்டது தொல்லைன்னு இருந்தேன். இப்பக் கல்லு வெச்சுத் தண்ணியை என் காட்டுக்குத் திருப்பறான். இதுதான் தவமா?" செடியைத் தரையில் போட்டார். வேரில் வெள்ளையாகப் பிஞ்சுக் காய்கள். "பாரு. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தாப் பருப்புப் பிடிச்சிருக்கும்."

"உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா?"

"என் மண்ணு வேணும். போனது பூராவும்."

"எடுத்துக்கொள்ளுங்கள்."

"எங்க இருக்குது?"

குரு கரைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

பாவாயி கரை ஏறி எட்டிப் பார்த்தார். பிறகு இறங்கி, அந்த மண் குவியலைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"இத்தனையா?"

"ஆறு வருச மண்ணு" என்றார் செங்கோடன். பத்து ஆண்டுகளில் அவர் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அது.

பாவாயி அவரைப் பார்க்கவில்லை. ஒரு கை மண்ணை அள்ளி நசுக்கினார். முகர்ந்தார். இன்னோர் இடத்தில் அள்ளினார். வேறோர் இடத்தில் கையை விட்டு ஆழத்திலிருந்து எடுத்தார்.

"தம்பி" என்று குருவைக் கூப்பிட்டார். "இதுல எது என்னுது, எது இவனுது?"

"உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

"என்னுது கருப்புச் சாயல். இவனுது செவப்பு."

"பிரித்துக்கொள்ளுங்கள். சாக்கு தருகிறேன்."

பாவாயி கையிலிருந்ததை மறுபடியும் பார்த்தார். எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.  பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, பாதிச் சுவரு எவனாச்சும் கட்டுவானா?"

"முழுசாத்தான் கட்டினேன்."

"என் கரைக்குள்ள விட்டியா?"

"உன் கரையில கடப்பாரை போட்டா நீ சும்மா இருந்திருப்பியா?"

"கையை ஒடிச்சிருப்பேன்."

"அதான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"எப்படிக் கேக்கறது? பேச்சுத்தான் இல்லையே."

பாவாயி மடத்து வாசலுக்குத் திரும்பி, செடியைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வரேன். என் கரையை நான்தான் தோண்டுவேன். நீ தொடக்கூடாது."

"ஒரு முழம் உள்ள போகோணும்."

"எனக்குத் தெரியும் போடா."

மறுநாள் பாவாயி சொன்னபடி வந்தார். தன் கரையைத் தானே தோண்டினார். செங்கோடன் தன் பக்கம் நின்றார். கல் மட்டும் இங்கிருந்து அங்கே போயிற்று. பழைய ஐந்து சுவர்களையும் பிரித்து, இரண்டு கரைகளிலும் புதையும்படி மறுபடியும் கட்டினார்கள். பிறகு கீழ்நோக்கி இறங்கினார்கள். பாவாயி கல்லைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். ஆடினால் எடுத்து எறிவார்.

"ஆறு வருசமா அங்க என்னத்தைக் கத்துக்கிட்ட?"

"மண்ணு சுமக்க."

"அதைத்தான் இங்கேயே பண்ணிக்கிட்டிருந்தியே."

செங்கோடன் அடுத்த கல்லை எடுத்து நீட்டினார்.

மொத்தம் பதினொரு சுவர்கள். பன்னிரண்டு என்று பின்னால் சிலர் சொன்னார்கள். பதினொன்றுதான். சுவர்களின் ஓரத்தில் விழல் புல்லைப் பெயர்த்து வந்து நட்டார்கள். தன் காட்டைச் சரிவுக்குக் குறுக்கே உழச் சொன்னார் செங்கோடன். உழுகிற ஆள், நாலு எட்டுக்கு ஒரு தரம் மாட்டைத் திருப்பச் சொல்கிறீர்களே என்று முனகினார். முனகிக்கொண்டே உழுதார். மதகடிக்குப் போக அவகாசமில்லாத அந்த நாட்களில் செங்கோடனின் கூடையைக் குரு சுமந்தார்.

ஐப்பசி மழை வந்தது. முதல் நாள் சுவர்கள் நின்றன. இரண்டாம் நாள் நண்பகலில் நான்காம் சுவரின் நடுவில் இரண்டு கற்கள் பெயர்ந்தன. சத்தம் கேட்டு அக்காவும் தம்பியும் ஓடினார்கள். பள்ளத்தில் தொடையளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது.

"விடுக்கா. மழை நின்னதும் பார்த்துக்கலாம்."

"இது போனா அஞ்சாவது நிக்குமா?"

"நிக்காது."

"ஆறாவது?"

செங்கோடன் இறங்கினார். பாவாயியும் இறங்கினார். ஒருவர் முதுகால் தண்ணீரைத் தடுத்து நிற்க, மற்றவர் கல்லை உருட்டிச் செருகினார். முதல் கல் நிற்கவில்லை. இரண்டாவதும் நிற்கவில்லை. மூன்றாவதைச் செருகிவிட்டு, அதன் மேல் பாவாயி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப மத்ததை வை. நான் எந்திரிக்க மாட்டேன்."

"தண்ணி உன்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும்."

"போனா ஏரிக்குத்தானே போவேன். நீ கூடையில அள்ளிக்க."

இருட்டுவதற்கு முன் சுவர் நின்றது.

மழை விட்ட மறுநாள் குரு ஏரியில் இறங்கி, மதகு வாயில் காலால் துழாவினார். மேல்கண்ணுக்குக் கீழே ஒரு முழம் இடம் இருந்தது. கரையேறி, சாவியைப் போட்டுத் திருகினார். மதகு திறந்தது. தண்ணீர் கீழே வயலுக்கு இறங்கிற்று. முழுத் தெளிவு இல்லை. ஆனால் இறங்கிற்று.

செங்கோடன் வந்தபோது வேப்பமரத்தடியில் அதே ஜாடி இருந்தது. அந்த மழையில் வாய்க்காலில் முக்கி வைத்தது. செங்கோடன் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார்.

"அரை விரல் இருக்குதுங்க சாமி."

"இருக்கிறது."

"இன்னும் தெளியல."

"மனமா, ஏரியா?"

செங்கோடன் நிமிர்ந்து மதகைப் பார்த்தார்.

"கீழ்க்கண்ணு இன்னும் மூடித்தான் கிடக்குது. கூடையை எடுத்துக்கறேன்" என்றார்.

கார்த்திகையில் ஒரு நாள் அக்காவும் தம்பியும் சேர்ந்தே மடத்துக்கு வந்தார்கள். வரும்போதே சத்தம் கேட்டது.

"சாமி, நீங்களே சொல்லுங்க" என்றார் செங்கோடன்.

"தம்பி, நீயே சொல்லு" என்றார் பாவாயி.

"என்ன?"

"ஒவ்வொரு சுவத்துக்குப் பின்னாடியும் மண்ணு நெரம்பிப் போச்சு. மேல அஞ்சு சுவத்துக்கிட்டப் பள்ளமே இல்லை. பாத்தி கட்டின மாதிரி மட்டமாக் கிடக்குது. அத்தனையும் வண்டல்."

"நல்லது."

"கொள்ளு விதைக்கலாங்கிறான் இவன்" என்றார் பாவாயி. "அந்த மண்ணுல கொள்ளைப் போடறது பாவம். நான் மொளகா நாத்து விட்டு வெச்சிருக்கேன்."

"அது சண்டை இல்லைங்க சாமி. மொளகாயே வைக்கட்டும்" என்றார் செங்கோடன். "பள்ளந்தான் எல்லை. பள்ளம் தூர்ந்து போச்சு. இப்ப எல்லை எங்க இருக்குது? அந்த மண்ணு யாருது?"

"என் கரையிலிருந்து போனதுதான் அதிகம்" என்றார் பாவாயி.

"சுவரு என் கல்லு."

"உன் கல்லுமேல உட்கார்ந்தது யாரு?"

குரு இருவரையும் பார்த்தார். எழுந்து மதகுச் சாவியை எடுத்துக்கொண்டார். கீழே வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது.

"சாமி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அதுல யார் விதைக்கோணும்?"

குரு கரையில் நின்று திரும்பினார்.

"எந்தக் கரை இல்லாமல் சுவர் நிற்குமோ, அந்தக் கரைக்காரர் விதைக்க வேண்டாம்."